செத்துக் காட்டியவன் எழுதுவது

அன்பு மச்சான் குமரேசா,

நீ போன பிறகு கள்ளக்குறிச்சியில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. என் ரத்தக்கொதிப்பைச் சாக்கு வைத்து உன் அக்கா குழம்பில் உப்பைக் கம்மியாகத்தான் போடுகிறாள். என் தொந்தி மட்டும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன், இறங்கத்தான் இல்லை.

சுகாதார ஆய்வாளர் என்று கல்வராயன் மலையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னை வைத்து ஒரு பாம்புக்கடி வீடியோ எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் எங்கிருந்தோ வந்த படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசுவார். மலை ஜனங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள் என்று புலம்பினாய்.

“மாமா, உங்க ஒடம்புக்கு நீங்க வுழுந்தா ஜனம் சிரிக்கும். சிரிச்சா கடைசி வரைக்கும் பாக்கும். நடிக்கல்லாம் வேணாம், சும்மா செத்தா போதும்.”

மரவள்ளிக் காட்டில் செத்தேன். காலில் கயிற்றை இறுக்கினேன், பிளேடால் கீறினேன், விஷமுறிவுக்கு வேர் கொடுப்பவரைத் தேடிப் போய் நேரத்தைத் தொலைத்தேன், பொத்தென்று விழுந்தேன். கடைசியில் ‘இப்படிச் செய்யாதீங்க’ என்று உன் குரலும் உன் போன் நம்பரும் வரும். நான் பிழைக்கிற மாதிரி ஒன்று எடுடா என்று எவ்வளவு கெஞ்சினேன்! “அடுத்ததுல பொழைக்க வைக்கறேன் மாமா” என்றாய். அதற்குள் மாரடைப்பு வந்து நீ கிளம்பிவிட்டாய். அப்படி என்னடா அவசரம்?

சிக்னல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு, வெள்ளிமலைச் சந்தையில் நின்று ஒவ்வொரு போனிலும் நீயே அதை ஏற்றிவிட்டாய். பலனை நான் அனுபவிக்கிறேன். அங்கே ஒரு டீக்கடையில் நின்றபோது ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளை இடித்து, “அடியே, செத்த ஆளு பஜ்ஜி துன்னுக்கினு இருக்காரு பாரு” என்றாள். கடைக்காரர் காசு வாங்கவே யோசித்தார்.

உன் போனை உன் அக்கா இன்னும் ரீசார்ஜ் செய்து, சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் அது அடித்தது. அவள் அதை அப்படியே என் கையில் திணித்தாள்.

“பாம்பு வீடியோ சாரா? எங்க அண்ணி பொன்னிய கடிச்சிட்டுது சார். மரவள்ளி புடுங்கறப்ப. கால் வீங்கிக்கினே வருது.”

சிக்னல் கிடைக்கிற வளைவில் ஜீப்பை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போவதா, வேர் கொடுப்பவர் வீட்டுக்கா என்று பின்னால் சண்டை. கயிறு எங்கே என்று பொன்னியின் மாமனார் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வைத்தியம் என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் சாகத்தான்.

“சார் இல்லம்மா. அந்த வீடியோவுல செத்தவன் பேசறேன்.”

“அந்தத் தொந்திக்காரரா?”

“அவனேதான். ஸ்பீக்கர்ல போடு. பெரியவரே, கயிறு கட்டினேன், செத்தேன். கீறினேன், செத்தேன். வேருக்குப் போனேன், செத்தேன். நான் செஞ்சது ஒண்ணையும் செய்யாதீங்க. கால ஆட்டாம படுக்க வெச்சி வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“செத்தவன் இன்னாடா போன்ல பேசறான்?” என்றார் பெரியவர்.

“அவுரு செத்தது போதும் மாமா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க.” வலியில் நடுங்கிய குரல். பொன்னிதான்.

வெள்ளிமலையில் ஊசி போட்டு, கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விரியன் விஷம், சிறுநீரில் ரத்தம் வந்தது. சில நாள் டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உன் அக்கா தினமும் கஞ்சியோடு போய் உட்கார்ந்திருந்தாள். நான் வராந்தாவில் நின்று யாரிடமும் ஜோக் அடிக்காமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது.

பொன்னி பிழைத்துவிட்டாள் மச்சான்.

எழுந்து உட்கார்ந்ததும், “வீடியோ எடுத்த சார் எங்கண்ணா?” என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப அடுத்த வீடியோவ யாரு எடுப்பா?”

“யாரும் இல்லம்மா.”

“நான் நடிக்கறேன். நீங்க எடுங்க.”

“எனக்கு எடுக்கத் தெரியாதே.”

“சாகத் தெரிஞ்சிதா? கத்துக்கினீங்க இல்ல?”

அன்றிலிருந்து உன் போனில் படம் எடுக்கப் பழகுகிறேன்.

வருகிற சந்தைக்கு உன் அக்காவும் நானும் மலையேறுகிறோம். பேசுவதில் தப்பு வராமல் வெள்ளிமலை நர்சம்மா பார்த்துக்கொள்வார். பொன்னியின் மாமனாரும் நடிக்கிறாராம், கயிற்றைத் தூக்கி எறிகிறவராக. நான் விழுந்து புரண்டபோது சிரிக்காமல் போனை நீ எப்படி ஆடாமல் பிடித்தாய்? கடைசியில் “போதும் மாமா, எழுந்திருங்க” என்பாயே, அதை இனி யார் சொல்வது?

இதில் யாரும் சாக மாட்டார்கள். பொன்னி ஜீப்பில் ஏறி, ஊசி போட்டுக்கொண்டு, தன் காலால் நடந்து வீடு போய்ச் சேருவாள். அவள் வாசலில் கால் வைக்கிற வரை நான் போனை இறக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டி உனக்கு மாமனானவன்,
கோதண்டம்