பழைய லேப்டாப்புக்குப் புது டிஸ்க்

ஜனவரி 19, திங்கள்

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளித்து, தலை துவட்டி, காபி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. எனக்கே இருபத்தெட்டு ஆகிறது, அதற்கு மட்டும் வயசாகாதா?

கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து மெயில். ஆடியோவைக் கேட்டுத் தமிழில் டைப் அடிக்கிற வேலை, வீட்டிலிருந்தே. போன் இன்டர்வியூவில் தேறிவிட்டேன். பிப்ரவரி 2 அன்று டெஸ்ட், என் லேப்டாப்பிலேயே. பழைய ஹார்ட் டிஸ்க் ஆகாதாம், எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் கட்டாயமாம். சரி, மாற்றிவிட்டால் போச்சு.

ஜனவரி 20

ரெங்கராஜ் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இந்த வீட்டில் எதற்கும் தீர்ப்பு அவர்தான்.

"மாசி பொறந்ததும் நானே அறந்தாங்கில மாப்ள வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். அதுக்குள்ள ஒரு வேலை கெடச்சா இங்கிட்டே இருக்கட்டும். எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டுல ஒக்காந்திருப்பா?"

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி சொர்ணவல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"மாப்ள குடிக்கிறாரா? அடிக்கிறாரா?" மாமா என்னைக் கேட்டார்.

இல்லை. உதயசூரியன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். காலையில் பெயின்ட் கடைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். ராத்திரி வந்து திறப்பான். இரண்டு வருஷம் அப்படித்தான். தீபாவளிக்கு இங்கே வந்தவள் திரும்பிப் போகவில்லை.

"பாதுகாப்புக்குத்தானம்மா" என்கிறார் மாமா. ஆட்டைப் பட்டியில் அடைக்கிறதும் பாதுகாப்புக்குத்தான். வாய் வரைக்கும் வந்தது.

ஜனவரி 24, சனி

கீழ ராஜ வீதியில் பெலிக்ஸ் கடை. ஆவூர்க்காரர், நிதானமான மனுஷன். பின்பக்கத்தைக் கழற்றி ஊதினார். பதினோரு வருஷத் தூசி, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"எஸ்எஸ்டி போட்டா பறக்குங்க. ஆனா ப்ராசசர் ரொம்பப் பழசு, அத மாத்த முடியாது. கம்பெனில வேற என்ன கேக்குறாங்கன்னு ஒரு தடவ நல்லா பாத்துக்கங்க."

பறக்கும் என்றது மட்டும் காதில் ஏறியது. டியூஷன் எடுத்துச் சேர்த்ததை அப்படியே கொடுத்துவிட்டேன். பழைய டிஸ்க்கில் ஏதாவது வேண்டுமா என்றார். கல்யாண ஆல்பம் கிடந்தது. ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஜனவரி 25

பறக்கிறது. நிஜமாகவே. சும்மாவே நாலைந்து தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அண்ணிகூட எட்டிப் பார்த்து, "என் போனவிட ஃபாஸ்டா இருக்கே" என்றாள்.

ஜனவரி 29

நாளெல்லாம் டைப்பிங். டிவி நியூஸ், கோயில் ஸ்பீக்கரில் அறிவிப்பு, எது காதில் விழுந்தாலும் அடிக்கிறேன். அம்மா கோயிலில் பிரகதாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு வந்து விபூதியை லேப்டாப்புக்கும் பூசினாள். "கெடச்சிருமாடி?" கெடச்சிரும்மா என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

பிப்ரவரி 2

டெஸ்ட் தொடங்கவே இல்லை.

அவர்கள் அனுப்பிய சாஃப்ட்வேர் திறந்ததும் சொல்கிறது — விண்டோஸ் 11 வேண்டும். பெலிக்ஸுக்கு போன் போட்டேன். "இந்த ப்ராசசருக்கு அது ஆகாதுங்க. குறுக்கு வழில ஏத்துனாலும் அவங்க டெஸ்ட்டுல நிக்காது." மனுஷன் குரலில் வருத்தம் இருந்தது. அவர் என்ன செய்வார்?

கம்பெனியில் ரம்யா என்ற பெண் பேசினாள். "மெயில்லயே போட்டிருக்கே மேடம். நாளைக்குள்ள வேற லேப்டாப் இருந்தா எழுதுங்க."

போட்டுத்தான் இருக்கு. எஸ்எஸ்டிக்குக் கீழயே இருக்கு. ஏன் படிக்கல? கண்ணு என்ன பொடனிலயா இருந்துச்சு? ஐயோ, எப்புடி விட்டேன் — அந்தாளு படிச்சுப் படிச்சு சொன்னாரே —

பிப்ரவரி 3

இன்றைக்குள் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடு என்று அண்ணனிடம் கேட்டேன். சம்பளம் வந்ததும் மாதாமாதம் தந்துவிடுகிறேன் என்றேன். "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்றான். முப்பத்திரண்டு வயசு ஆம்பளை.

சாயங்காலம் வரை லேப்டாப் வரவில்லை.

பிப்ரவரி 5

அந்த வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 12, வியாழன்

நாளைக்கு மாசி. பை கட்டியாச்சு. அம்மா லேப்டாப்பைப் புடவைக்குள் சுற்றி வைத்து, "அங்க போயி வேற வேலை தேடிக்கடி" என்றாள். அண்ணி எனக்குப் பிடிக்கும் என்று பணியாரம் சுட்டாள். அண்ணன் பஸ் வேண்டாம், கார் சொல்கிறேன் என்கிறான்.

யாரும் என்னைத் திட்டல. யாரும் கெட்டவங்க இல்ல. யார்மேலன்னு கோவப்படுறது?

மார்ச் 17, செவ்வாய். அறந்தாங்கி

கடை கம்ப்யூட்டர் இழுக்கிறது, பில் போட நேரமாகிறது என்று அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு ஆளைக் கூட்டி வந்து என் லேப்டாப்பைக் கழற்றி, எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு போனார். "நீ வீட்டுலதான இருக்க, ஒனக்கு எதுக்கு?" என்றார். எடுத்துக்கங்க என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "பில்லு டக்கு டக்குன்னு வருது. நல்ல பொருளாத்தான் பாத்து வாங்கியிருக்க."

கல்யாணமாகி அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.