மூணாவது மாடியிலிருந்து எடுத்த படம்

13, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். தண்ணி லாரி வரவில்லை. கேஸ் புக்கிங், பாப்பா யூனிஃபார்ம் பட்டன், மாவுக்கு ஊறப்போடுவது. மூன்றும் பாக்கி.

மூணாவது மாடி காயத்ரி (இனி கா.) நாளைக்கு ஆர்ட் கேலரி பார்க்கக் கூப்பிடுகிறாள். "மொத்தம் மூணு கேலரிக்கா. கடைசி இடத்துல நான் எடுத்த போட்டோவெல்லாம் மாட்டியிருக்காங்க. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு." ஐ.டி. வேலை, லீவு நாளில் கேமரா. ஆறு வருஷமாக எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. இந்த நூம்பலிலேயே பிறந்து வளர்ந்த என்னை வெளியே கூட்டிப்போக ஒரு கோயம்புத்தூர்க்காரி வரவேண்டியிருக்கிறது.

இவர்: "படம் பாக்க அவ்ளோ தொலைவு போணுமா? போன்லயே கீதே."

போகத்தான் போகிறேன். பச்சைப் புடவை.

14, சனி

வேலப்பன்சாவடி தாண்டவே அரை மணி. கார் ஏ.சி.யில் தும்மல்.

முதல் இடம்: உடைந்த நாற்காலிகள், குவியலாக. சுற்றிலும் ஆட்கள் கன்னத்தில் கை வைத்து நிற்கிறார்கள். எங்கள் மாடிப்படிக்கு அடியில் நான் இதைவிட ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். சொன்னேன். கா. விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது: டி.வி.யில் ஒரு ஆள் சோறு தின்கிறான். தின்றுகொண்டே இருக்கிறான். பக்கத்தில் ஒரு அம்மாள், "ரொம்ப டிஸ்டர்பிங்கா இருக்குல்ல?" எனக்குப் பசித்தது. வெளியே வந்து சமோசா, டீ. அதுவரை நல்ல நாள்தான்.

மூன்றாவது. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நான். ஆளுயரத்துக்கு. பாப்பா பிறந்த வருஷம் வெள்ளம் வந்ததே, அன்று. இடுப்பளவு தண்ணி, நைட்டி, தோளில் கைக்குழந்தையாகப் பாப்பா. மேலே பார்த்து வாய் திறந்து கத்துகிறேன். கா.வின் பால்கனியிலிருந்து எடுத்தது.

"எப்படிக்கா இருக்கு? எல்லாரும் இதுகிட்டதான் நிக்கறாங்க. உங்க கண்ணைப் பாருங்க!"

அன்று கத்தியது அவள் பெயரைத்தான். இவர் நைட் ஷிப்ட் முடிந்து அம்பத்தூரில் மாட்டிக்கொண்டார். எங்கள் தரைத்தள வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணி. மாடிப்படி கேட் உள்பக்கம் பூட்டு. வந்து திற, குழந்தையையாவது வாங்கிக்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. பால்காரர் வந்து இறக்கும்வரை மழையில் மதில்மேல் உட்கார்ந்திருந்தோம். பாப்பாவுக்கு நிமோனியா. பிழைத்ததே பெரிது.

ஹெட்போன் போட்டுத் தூங்கிவிட்டதாக மறுநாள் கா. சொல்லி அழுதாள். நான்தான் தேற்றினேன்! அதற்குப் பிறகும் வஞ்சிரம் வாங்கினால் மீன்குழம்பில் முதல் கிண்ணம் மேலேதான் போனது.

"நீ தூங்கிகினு இருந்தேன்னு சொன்னியே?" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. தான் சொன்ன பொய்யையே மறந்துவிட்டு என்னைக் கூட்டி வந்திருக்கிறாள்.

"லைட் அப்படி இருந்துச்சுங்க்கா... ஒரு நிமிஷம்தான். அப்புறம் கீழ இறங்க பயமாயிடுச்சு..."

படத்துக்குக் கீழே சின்ன அட்டை: 'பெயர் தெரியாத பெண்.' ஆறு வருஷமாக வாய் நிறைய அக்கா, அக்கா.

தனியாக பஸ் பிடித்து வந்தேன். அழுகை வரவில்லை.

15, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை. கா.விடமிருந்து வாய்ஸ் மெசேஜ். திறக்கவில்லை.

மதியம் வாசலில் ஒரு பார்சல். அதே படம், சின்னதாக, ஃபிரேம் போட்டு. 'ஸாரிக்கா' என்று ஒரு சீட்டு. இதுதான் மன்னிப்பாம். சீட்டைக் கிழித்தேன். படத்தை ஒளிப்பதற்குள் இவர் பார்த்துவிட்டார். இவரிடம் நேற்று எதுவும் சொல்லவில்லை.

"இன்னாமா, சினிமா போஸ்டராட்டம் கீறே! ஹால்ல மாட்டிடலாம்." சுத்தியல், ஆணியோடு ஸ்டூலில் ஏறியாயிற்று.

பாப்பா கிட்டே வந்து பார்த்தாள். "அம்மா, யாரைக் கூப்புட்ற?"

"காயத்ரி ஆன்ட்டியை."

"அவங்க எங்க இருந்தாங்க?"

"மாடில. போட்டோ எடுத்துகினு இருந்தாங்க."

இவர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். ஆணியை ஜன்னலில் வைத்தார்.