தங் தங்

அன்பு மகள் லோக்யீக்கு அப்பா எழுதுவது. ஷாம் சுய் போவில் நானும் அம்மாவும் நலம், என் முழங்காலைத் தவிர. கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கணவன் கேலம் வேலை விஷயமாக வந்து, பத்து நாள் நம் வீட்டில் தங்கி, நேற்றுதான் விமானம் ஏறினான். வந்த மறுநாளே தேநீர்க் கடையில் தன் கான்டனீஸைக் காட்ட ஆசைப்பட்டு, ஹார் காவ், சியூ மாய் என்று கொழுக்கட்டை வகைகளைச் சொல்லி, தங் தங் என்று முடித்தான். எழுத்தில் அது ‘முதலியன’, வாயால் சொன்னால் ‘கொஞ்சம் இருங்க’. பரிமாறும் செங் பென்சிலும் கையுமாக நின்றார், இவனும் பலகாரம் வருமென்று சிரித்தபடி உட்கார்ந்திருந்தான், கடைசியில் செங், இருக்கச் சொன்னீங்க மாப்ள, இருந்துட்டேன், இனிமே கால் தாங்காது என்றார். உன்னைத் தூரதேசத்துக்குக் கூட்டிப்போனவன் என்று இரண்டு வருடமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசாத உன் அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எழுதறதையெல்லாம் வாயில பேசாதே, ‘கோ தி’ன்னு முடி, அது இதுன்னு அர்த்தம் என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு சந்தையில் கீரை, கத்தரிக்காய், கோ தி என்று இவன் பண்ணிய அமர்க்களம் கொஞ்சமில்லை. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வந்து, குளிர்கால விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்க, அம்மா பழக்கத்தில் மகன், மருமகள், லோக்யீ, கோ தி என்றாள். இவன் மெதுவாக, அத்தை, அந்தக் கோ தி நான்தானா என்றான். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் உள்ளே போய், கழுவிய அரிசியையே மறுபடி கழுவினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று கிளம்புமுன் அதே கடைக்குப் போனோம். விருந்துக்கு எத்தனை பேருக்கு மேசை என்று செங் கேட்டார். அம்மா விரல் மடக்கி, நாங்க ரெண்டு பேர், மகன், மருமகள், லோக்யீ, கேலம் என்றாள். கோ தி இல்லையா என்று செங் சீண்ட, அப்படி யாரும் எங்க வீட்ல இல்ல என்றாள். கேலம் காதுவரை சிவந்து, தங் தங் என்றான். செங் மறுபடி நின்றார். என்ன கேட்டும் இவன் அதற்கு மேல் சொல்லவில்லை, சிரிக்கிறான்.

இருங்கள் என்றானா, பட்டியல் முடியவில்லை என்றானா, நீயாவது உண்மையைச் சொல். அம்மா அதற்குள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக் காய்ச்சும் இஞ்சி வினிகருக்கென்று ஐந்து கிலோ இஞ்சி வாங்கித் தோலும் சீவிவிட்டாள். கனமான பையைத் தூக்காதே. கேலம், நீ, தங் தங், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாங் கின்ஃபாய்