காரணம் யார் என்ற வரி

அம்மா,

உன் ஆலை அட்டையின் கழுத்துநாடாவில் இன்னும் தீவன வாசம் இருக்கிறது. மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசம். உன் புடவைகளில் இருந்தது துவைத்ததில் போய்விட்டது. நாடாவை யாரும் துவைக்கவில்லை.

அட்டை என் இயற்பியல் நோட்டுக்குள் இருக்கிறது. உன் வேலை நோட்டும் என்னிடம்தான். இரண்டையும் காணவில்லை என்று இன்று சாயங்காலம் பொய் சொன்னேன். நாளைக் காலை எட்டு மணிக்குத் திரும்ப வந்து கேட்பார்கள். அப்பா தறியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். வெளிச்சம் தெரியாமலிருக்கக் கதவிடுக்கில் துண்டைச் செருகியிருக்கிறேன்.

அவற்றை வாங்க வந்தவர் தினேஷ். தீவன ஆலையில் உன் வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். சேலத்துக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நம் வீட்டிலிருந்த ஆலை மடிக்கணினியைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பா போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஆலையிலிருந்து போன் வந்தது.

"யாருக்குமே கார்டு எடுக்கலைங்களா? நேத்துதானே புதுச் சான்றிதழ் போட்டேன். டவுன்லோடுல இருந்து தூக்கி அங்க வெச்சேன், அவ்வளவுதான். சரி விடுங்க, நாளைக்கு நான் வந்து அந்தக் காவலையே மொத்தமா அணைச்சிடறேன். முன்னாடி இருந்த மேடம் வெச்ச கோளாறுங்க அது. போன தடவை கெடுத்ததும் அவங்கதானே? ரிப்போர்ட்ல அப்படியே எழுதிக்கலாம்."

அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போன தடவை உண்மையில் கெடுத்தது யார் என்று அப்பாவுக்குத் தெரியாது.

அந்தக் காவலைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கேட்டால், "நீ போய் பிசிக்ஸ் படி சாமி" என்பாய். காலையில் எனக்குத் தலை பின்னும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்திருப்பாய். எதிர்முனையில் எடைமேடை மாரியப்பன். அப்படிக் காதில் விழுந்ததுதான் எல்லாம். ஆலையில் அட்டையைச் செருகி ஆறு எண் அடித்தால்தான் கணினி திறக்கும். அட்டை சரியாக இருந்தாலும், உள்ளே எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. விதியில் இல்லாததை அது யாருக்காகவும் விடாது. மாரியப்பன் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார்.

"ஏனுங்க மேடம், உங்க வாட்ச்மேன் எங்கூட்டு மாமியாளை விட மோசமுங்க. மூஞ்சி தெரிஞ்சும் உள்ள உடமாட்டேங்கறான்."

"உங்க மாமியா ஏன் உடலைன்னு சொல்லவே மாட்டாங்க. இவன் ஒவ்வொண்ணுக்கும் எழுதி வெப்பான். அதைப் படிச்சாப் போதும்."

"முதலாளி அவனை அணைச்சுப்போடச் சொல்றாருங்க."

"நாய் குரைக்குதுன்னு நாயைத் தூக்கிப் போட்டுட்டா, வந்தவன் யாருன்னு யாருங்க பாக்கறது?"

சொல்லிவிட்டு என் ரிப்பனை இறுக்கினாய். வலித்தது.

ஐப்பசியில் உனக்கு டைபாய்டு வந்தது. ராசிபுரத்தில் கிளினிக் கட்டிலில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் செய்தாய். அப்பா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை ஆலையில் எல்லாருக்கும் புது அட்டை. அவற்றை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் சான்றிதழ்க் கோப்பை அன்றே போட்டாக வேண்டும். மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதிலிருந்தே ஆலைக் கணினிக்குள் நுழையலாம். உன் அட்டையை எடுத்துச் செருகச் சொன்னாய். பக்கத்தில் நர்ஸ் இருந்ததால் ஆறு எண்களையும் மெதுவாகச் சொன்னாய். "மனசுல வெச்சுக்கோ, எங்கயும் எழுதிராத."

பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய், நான் அடித்தேன். கடைசியில் ஆலைக் கணினியில் 'வீடு' எனப்படும் உன் சொந்தக் கோப்புறையில் இருந்த சான்றிதழை அதற்குரிய இடத்துக்கு நகல் எடுக்கச் சொன்னாய். நான் நகல் எடுக்கவில்லை. நகர்த்தினேன். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நகர்த்தும் கட்டளை எனக்குத் தெரிந்திருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவும் ஆசை.

"நகல் எடுத்துட்டியா சாமி?"

"எடுத்துட்டேம்மா."

மறுநாள் ஒரு அட்டைகூட உள்ளே போகவில்லை. மக்காச்சோள லாரிகள் எடை போட முடியாமல் ரோடு வரை நின்றன. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சோடு நீ காலைப் பஸ்ஸில் போனாய். சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் சொன்னாய். ஒவ்வொரு கோப்புக்கும் அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று ஒரு லேபிள் உண்டாம். நகல் எடுத்தால் புது இடத்து லேபிள் ஒட்டும். நகர்த்தினால் பழைய லேபிளோடு வந்து உட்காரும். கோப்பு சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனால் அது வீட்டுக் கோப்பு என்றது லேபிள். உள்நுழைவு நிரல் வீட்டுக் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. காவல் மறுத்துவிட்டது. லேபிளைச் சரிசெய்ய ஒரே ஒரு கட்டளை போதுமாம். கோளாறு லேபிளில்தான் என்று கண்டுபிடிக்கத்தான் ஐந்து மணி நேரம்.

"லாரிக்காரங்க எடைமேடைலயே சோறாக்கித் தின்னுட்டாங்களாம், மாரியப்பன் சொல்றாரு," என்று சிரித்தாய்.

"யாரு நகர்த்துனதாம்?" என்று அப்பா கேட்டார்.

"கிளினிக்குப் போறதுக்கு முன்னாடி, காச்சல் மயக்கத்துல நாந்தான். மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

என் பக்கம் திரும்பவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தை மாதம் பஸ் ஸ்டாண்டில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு சொல்ல ஆள் இல்லை.

இன்று அவர் போன பிறகு உன் நோட்டை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் நான்கு வரி. கேட்டது யார். எதைக் கேட்டது. ஏன் மறுத்தது. காரணம் யார். கடைசி வரியில் நீ யாரையும் விட்டுவைக்கவில்லை. "மேனேஜர், அவசரம்." "மாரியப்பன், மச்சான் அட்டையைச் செருகினார்." "நான், மறந்துவிட்டேன்." ஐப்பசிப் பக்கத்தில் அந்த வரிக்கு நேரே ஓர் எழுத்தைத் தொடங்கி, அடித்துவிட்டு, "நான்" என்று எழுதியிருக்கிறாய். அடித்த எழுத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். என் பெயரின் முதல் எழுத்து.

காய்ச்சலில் நீயே கட்டளையைத் தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பாய் என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. நகர்த்தும் கட்டளையை அடித்த நேரம் கணினியில் பதிந்திருக்கும். அந்த நேரத்தில் உன் கையில் ஊசி இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட ஆலைப் படிவம் பீரோவில் இருக்கிறது. அட்டையை வேறு ஆள் பயன்படுத்தினால் வேலைநீக்கம், போலீஸில் புகார் என்று அதில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால், கோப்பைக் கெடுத்தது நீ இல்லை என்று ஆகும். ஆனால் அட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தவள் என்று ஆகும். பேசாமல் இருந்தால் தினேஷ் காவலை அணைத்துவிடுவார். ரிப்போர்ட்டில் உன் பெயரும் ஏறிவிடும். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். உன் பெயர் முழுக்க நன்றாக வரும்படி எதுவும் இல்லை.

அந்த நோட்டில் பொய்யாக இருப்பது ஒரே ஒரு வரி. அது எனக்காக எழுதியது.

அதனால் நீ எழுதியதை அடிக்காமல், அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "அட்டையைக் கொடுத்தது அம்மா. கோப்பை நகர்த்தியது நான். நகல் எடுத்தேன் என்று சொன்னது பொய்." கீழே என் பெயர், பன்னிரண்டாம் வகுப்பு. முதல் வரியில் இருக்கும் குற்றம் உன்னுடையது, அம்மா. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. நீயும் என்னுடையதை எடுத்திருக்கக் கூடாது.

அடுத்த பக்கத்தில் இன்றைய மறுப்பை உன் மாதிரியே நான்கு வரியில் எழுதினேன். லேபிளைச் சரிசெய்யும் கட்டளையை உன் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். காவலை அணைக்க வேண்டியதில்லை என்றும் எழுதினேன். கடைசி வரியில், "தினேஷ் அண்ணன், தூக்கி வைத்தார்." போனில் அவர் சொன்னது அதைத்தான், அதுவும் நகர்த்தல்தான். கோபப்படுவாரோ என்னவோ.

காலையில் அவர் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் காட்ட வேண்டும். போலீஸை விட அதற்குத்தான் அதிகம் பயமாக இருக்கிறது. அட்டையையும் நோட்டையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன், நாடாவோடு.

நடந்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்த ஆறு எண்களை மட்டும் எங்கும் எழுதவில்லை. எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய்.