லண்டனுக்குச் சொல்லாத பதில்

ஹனோவர்
30.12.2025

அன்பு மகள் கிருசாந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். மெல்பேர்ண் வெயிலில் நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையில்லாமல் இருக்கவேணும் என்று காலையில் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் பாதகமில்லை, என் முழங்கால் மட்டும் குளிருக்கு முறைப்பாடு சொல்கிறது, அதுக்கு டொக்டர் தந்த களிம்பைப் பூசினால் வீடு முழுக்கக் கற்பூர மணம், கோயிலுக்குள்ள குடியிருக்கிற மாதிரிக் கிடக்கு எண்டு அம்மா பகிடி பண்ணுகிறா. நேற்று உன் அண்ணன் மதீசனுக்குக் கலியாணப் பதிவு முடிந்தது. போனில் உனக்கு எல்லாம் சொல்லிப்போட்டன் என்கிறா அம்மா, ஆனால் முக்கியமானதை விட்டிருப்பா என்று எனக்குத் தெரியும். அந்தக் கலியாணம் நடக்குமோ நிற்குமோ என்று ஐந்து நாள் அந்தரத்தில் கிடந்தது பிள்ளை. அதுக்குக் காரணம் உன் அப்பன்தான். அதை வேறு ஆட்களின் வாயால் நீ கேட்கக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் பெண் யார் என்று சொல்லவேணும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த கஜந்தி, செத்துப்போன சிறீதரனின் ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை, இப்போது முப்பத்தாறு வயது. நாங்கள் ஒருத்தரும் இவர்களின் பழக்கத்தை மணந்து பிடிக்கவில்லை. இரண்டு வருசமாக என் பிறசர் குளிசையை மதீசன்தான் வேண்டி வருவான். எங்கள் வீட்டுக்குக் கீழேயே ஒரு மருந்துக்கடை இருக்க, இரண்டு ட்ராம் மாறி நகரத்தின் மற்றப் பக்கம் போய் வேண்டி வருவான். நானும் கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம், என்ர மகன்ர அக்கறையைப் பாருங்கோ, தகப்பனுக்கு நல்ல குளிசை தேடி ஊரெல்லாம் அலையிறான் எண்டு சொல்லிக்கொண்டு திரிந்தேன். குளிசை எந்தக் கடையிலும் ஒன்றுதானே, அந்த மூளை எனக்கு வரவில்லை. 21ஆம் திகதி ஞாயிறு மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடும்போது அவன் சொன்னான், நானும் கஜந்தியும் பதிவுக் கந்தோரில எப்பவோ அன்ட்ராக் எழுதிக் குடுத்தாச்சு, மேயிலதான் டெர்மினுக்கு நாள் தந்தவை, இப்ப ஆரோ ஒரு சோடி வேண்டாமெண்டு விட்டதில நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த திங்கள் இடம் வந்திருக்கு, நாங்கள் ஓமெண்டிட்டம் எண்டு. அம்மா புட்டுக் கையோடு அப்படியே இருந்தா. மார்கழியிலையோ, ஆரும் மார்கழியில கலியாணம் வைப்பினமோ என்றா. பதிவு மட்டும்தானம்மா, தாலியைத் தையில கட்டுவம், ஜெர்மன்காரனுக்கு மார்கழி தெரியுமோ என்றான் அவன். கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டா. நான் பாதிப் புட்டோடு எழும்பிக் கை கழுவினேன்.

ஏனென்று சொல்கிறேன். நீ இங்கே வளர்ந்த பிள்ளை, எங்கள் சனத்தின் விசாரிப்பு உனக்கு விளங்குமோ தெரியாது. சம்பந்தம் பேசினால், சாதகம் பொருந்தின பிறகும், பெண் இருக்கிற ஊரில் நாலு பேருக்குப் போன் எடுத்துப் பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்பார்கள். கேட்கப்படுகிறவன் கூடாமல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ என்று உடனே சொல்லவேணும், கொஞ்சம் இழுத்தாலே காரியம் முடிந்தது. பன்னிரண்டு வருசத்துக்கு முதல் யோசேப்பு லண்டனில் இருந்து போன் எடுத்தான். ஊரில் எங்களுக்குப் பக்கத்து வளவு, கிறிஸ்தவக் குடும்பம், நத்தாருக்கு அவன் வீட்டில் செய்கிற பயத்தம்பணியாரத்துக்கு நாங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்போம், அது வேறு கதை. தன் கூட்டாளியின் மகனுக்குச் சிறீதரன்ர மகளைப் பேசுகினம், பிள்ளை எப்பிடி அண்ணை எண்டு கேட்டான். வேறு நாளாக இருந்தால் அரை மணித்தியாலம் புகழ்ந்திருப்பேன். ஆனால் அதுக்கு நாலு நாள் முதல்தான் கோயில் மண்டபத்தில் எனக்கு ஒரு அவமானம். சிறீதரன் படித்த மனுசன், எங்கள் எல்லாருக்கும் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வாசித்து, படிவம் நிரப்பித் தருகிறவர். அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டதைத் தூக்கிப் பிடித்து, தம்பித்துரை அண்ணையின்ர கையெழுத்துக் கோழி கிண்டின மாதிரி, கந்தோரில அரிசி எறியப் போறாங்கள் என்று பகிடி விட்டார். மண்டபமே சிரித்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அது நெஞ்சில் உறைத்துவிட்டது. அந்த உறைப்போடு யோசேப்புக்குச் சொன்னேன், எனக்கு அவையைப் பற்றி அவ்வளவு தெரியாது, வேற ஆரிட்டையும் கேட்டுப் பார் எண்டு. அவ்வளவுதான் சொன்னது. லண்டன் சம்பந்தம் அந்தக் கிழமையே நின்றது. லண்டன்காரர் ஏன் விட்டவை என்று மற்றவர்கள் யோசிக்க, அடுத்து வந்ததும் நின்றது, அதுக்கு அடுத்ததும் நின்றது. நான் போனில் சொன்னதைக் குசினிக்குள் நின்று அம்மா மட்டும் கேட்டவ. ஏனப்பா அப்பிடிச் சொன்னனியள் என்று ஒருக்கால் கேட்டா, நான் எழும்பிப் போய்விட்டேன், அதோடு விட்டுவிட்டா.

இவ்வளவும் என்றால்கூட நான் விழுங்கிக்கொண்டு கலியாணத்துக்குப் போயிருப்பேன் போல. 23ஆம் திகதி கஜந்தியின் தாய் கமலநாயகி சம்பந்தி முறைக்குப் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தா. கதைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லுகிறா, அண்ணை, லண்டன் சம்பந்தம் நிண்ட நேரம் ஊரெல்லாம் கதைச்சது, நீங்கள் மட்டும்தான் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, அதை நான் மறக்கமாட்டன் எண்டு. பிறகு தன் மனுசனைப் பற்றிச் சொன்னா. தனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது தெரிந்துதான், பரம்பரை வருத்தம் என்று பயந்துதான் மாப்பிள்ளை வீட்டார் விட்டவை என்று சிறீதரன் நினைத்தாராம். அதுக்குப் பிறகு வருத்தத்தை ஒளித்தாராம். ஊசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவாராம், கலியாண வீடுகளில் எல்லாரும் பார்க்கிற மாதிரி நடுவில் இருந்து லட்டு சாப்பிடுவாராம், இரண்டு, மூன்று. டொக்டரின் டெர்மினுக்குப் போனால் ஆராவது தமிழ்ச் சனம் கண்டுவிடும் என்று போகாமல் விட்டாராம். முதல் காலில் புண், பிறகு அந்த மனுசனே போய்விட்டார். நானும் அந்த லட்டுப் பந்தியில் இருந்தவன் பிள்ளை. இந்த ஆளுக்கு வாய்க்கு வஞ்சகமில்லை என்று பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்லிச் சிரித்தவன்.

அவ போன பிறகு எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. இப்ப வாயைத் திறந்து பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதேங்கோ, தாலி ஏறட்டும், பேந்து போய்க் காலில விழுங்கோ, கையில விழுங்கோ என்றா அம்மா. அவ சொன்னதிலும் ஞாயம் இருக்கு. ஆனால் தெரியாமல் ஒரு பிள்ளை வந்து எனக்குச் சோறு போட்டுத் தர, நான் எந்தக் கையால் அதை வேண்டிச் சாப்பிடுவது. அடுத்த நாள் 24, கடைகள் இரண்டு மணிக்குப் பூட்டிவிடும், ட்ராமில் நானும் பூச்செண்டு வைத்திருந்த ஒரு கிழவரும்தான். கமலநாயகி வீட்டில் கஜந்தியும் வேலை முடிந்து வந்திருந்தாள். வாங்கோ மாமா என்றாள், அந்தக் கிழமைதான் அப்படிக் கூப்பிடத் தொடங்கினவள். கோட்டைக் கழற்றாமலே நின்றபடி எல்லாத்தையும் சொன்னேன். கோழி கிண்டின கதையையும் சொன்னேன், அதைச் சொல்லும்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது, இவ்வளவு சின்ன விசயத்துக்கோ என்று. கமலநாயகி கத்தவில்லை. அப்ப அந்த மனுசன் லட்டுத் திண்டது சும்மாவோ அண்ணை என்று மட்டும் கேட்டா.

கஜந்தி என்னைப் பார்த்தபடி, அவர் உங்களிட்டைக் கேட்ட கேள்வியை அப்பிடியே சொல்லுங்கோ என்றாள். பிள்ளை எப்பிடி அண்ணை எண்டு கேட்டவன் என்றேன். இப்ப போன் எடுங்கோ, அதுக்குப் பதில் சொல்லுங்கோ, நாங்கள் இருக்கிறம் என்றாள். எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன். அங்கே யோசேப்பு வீட்டில் நத்தார்ச் சத்தம், பிள்ளைகள் பாட்டு. யோசேப்பு, பன்னிரண்டு வருசத்துக்கு முதல் நீ ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிச்சனியெல்லே என்றேன். எந்தப் பிள்ளை, நான் நூறு பேரை விசாரிச்சிருப்பன் அண்ணை என்றான். கஜந்தியின் முகத்தை அந்த நேரம் நான் பார்க்கவில்லை, பார்க்க ஏலாது. சிறீதரன்ர மகள் என்று சொன்ன பிறகு யோசித்து, ஓம் ஓம், ஊர்க்கதை எல்லாம் கதைக்கிற தம்பித்துரை அண்ணையே வாய் திறக்கேல்லை, அதுக்குள்ள ஏதோ இருக்கு எண்டு நான்தான் அவைக்குச் சொன்னனான் என்றான். அப்போது சொன்னேன் மகள், அந்தப் பிள்ளை தங்கம், அந்தக் குடும்பத்தில ஒரு குறையும் இல்லை, சிறீதரனில ஒரு பிழையும் இல்லை, பிழை என்ர வாயில இருந்தது எண்டு. யோசேப்புக்கு விளங்கவில்லை. அண்ணை, அந்தப் பெடியனுக்கு இப்ப மூண்டு பிள்ளையள், சைவக்காரன் நீங்கள் நத்தாருக்கு எனக்குப் பாவசங்கீர்த்தனம் சொல்லுறியளோ என்று சிரித்தான். இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. கஜந்தி போனை நிற்பாட்டி என் கையில் தந்து, மதியோட நான் கதைக்கிறன், நீங்கள் வீட்டுக்குப் போட்டு வாங்கோ அங்கிள் என்றாள். மாமா இல்லை, அங்கிள்.

பிறகு நாலு நாள். 25, 26 எல்லாம் பூட்டு, ஊரே செத்த மாதிரி. மதீசன் வீட்டுக்கு வந்தான், அம்மாவோடு மட்டும் கதைத்தான், போனான். அப்பா ஏன் இப்ப சொன்னவர், இல்லாட்டி ஏன் அப்ப சொல்லேல்லை என்று அம்மாவிடம் கேட்டானாம், இரண்டுக்கும் நான்தான் பதில் சொல்லவேணும். அம்மா வேண்டி வைத்த கூறைச்சேலைப் பெட்டியை மேசையில் இருந்து அலுமாரிக்கும், அலுமாரியில் இருந்து மேசைக்கும் மாற்றிக்கொண்டு இருந்தா. ஒரு சொல்லு என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஞாயிறு பின்னேரம் கஜந்தியே போன் எடுத்தாள். நாளைக்கு ஒன்பதரைக்கு டெர்மின், பிந்தாதேங்கோ என்றாள். அவள் நிற்பாட்டாமல் சொன்னாள், மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதேங்கோ, அது அப்பா சொல்லவேண்டியது, அவர் இல்லை, மதி எனக்கு வேணும், அதுக்காக வாங்கோ எண்டுறன், ஆனா கலியாணப் படத்தில நிக்காதேங்கோ, அப்பா இல்லாத படத்தில நீங்களும் வேண்டாம் எண்டு. ஓம் பிள்ளை என்றேன்.

நேற்று அப்படியே நடந்தது. உள்ளே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியில் மழையும் பனியும் கலந்து கொட்ட, வாசலில் நின்று படம் எடுத்தார்கள். பதிவுக்காரப் பெண் நல்ல மனுசி, நான் தள்ளி நிற்கிறதைக் கண்டு நீங்களும் போய் நில்லுங்கோ என்று கையைப் பிடித்தா. நைன் நைன், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு எல்லாரின் கோட்டையும் கையில் வேண்டினேன், படத்தில் கோட்டு வடிவில்லைத்தானே. அஞ்சு பேரின் கோட்டோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். முடிந்து எல்லாரும் வந்து வந்து எடுத்தார்கள். கமலநாயகி கடைசியாக வந்து தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நனையிறியள் அண்ணை, உள்ளுக்குப் போங்கோ என்றா.

இனி நீ செய்யவேண்டியது. அம்மா இன்றைக்கு அந்தப் படத்தை உனக்கு அனுப்புவா. அப்பா எங்கே என்று கஜந்தியிடம் கேட்டுவிடாதே, அவள் இப்போது உனக்கு மச்சாள், இன்றைக்கே போன் எடுத்து வாழ்த்துச் சொல்லு, தகப்பனைப் பற்றி இரண்டு நல்ல சொல்லுச் சொல்லு, சிறீதரன் மாமா உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர்தானே. தையில் தாலி கட்டும்போது நான் எங்கே நிற்பது என்று அவள் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன், நீ டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு வா. சின்னவளைத் தொப்பியில்லாமல் வெயிலில் விடாதே, மருமகனை வேலை வேலை என்று ஓடாமல் ஒரு நாளாவது வீட்டில் இருக்கச் சொல்லு. உங்கள் மூன்று பேருக்கும் அப்பா அம்மாவின் ஆசி எப்பவும் உண்டு, நோய்நொடி அண்டாமல் நீடு வாழவேணும். ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது கொம்பியூட்டரில் இல்லாத ஆளையும் வெட்டி ஒட்டலாமாம், போன தீபாவளிக்கு நீ என்னை உங்கள் வீட்டுப் படத்துக்குள் சேர்த்து அனுப்பின மாதிரி. பாசத்தில் இந்தப் படத்திலும் என்னைக் கொண்டுபோய் ஒட்டிவிடாதே மகள். நான் நிற்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
தம்பித்துரை