இரண்டு விரல் கிளட்ச்

இன்று காலை அலுவலக வாசலில் என் கைப்பையைச் சோதித்த செக்யூரிட்டி அக்கா, அடியில் கையை விட்டு உன் ஸ்பேனரை வெளியே எடுத்தார். பிடியில் நீ சுற்றிவைத்த பழைய இஞ்சு டேப் அப்படியே இருக்கிறது. எண்கள்தான் கிரீஸ் ஏறி மறைந்துவிட்டன. "இன்னா மேடம் இது, இத எத்துகினு உள்ள போவ முடியாது" என்றார். என் தோழியுடையது என்றேன். "அப்போ அவங்களையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்று மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். சாயங்காலம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தேன்.

பகல் முழுவதும் வேலை ஓடவில்லை. விரலில் கிரீஸ் வாசனை ஒட்டிக்கொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கரூரிலிருந்து வந்து பருத்திப்பட்டில் ஃபிளாட் எடுத்த புதிதில், எல்லோரும் ஸ்கூட்டர் வாங்கு என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஏரிக்கரைச் சாலையில் அது நின்றுவிட்டது. நான் உதைத்துக்கொண்டே இருக்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். அப்போதுதான் உன் கறுப்பு வண்டி வந்து நின்றது. முன்னால் நீ. பின்னால் மடியில் காய்கறிப் பையோடு உன் வீட்டுக்காரர். "கொஞ்சம் எறங்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து என் வண்டியை மோந்து பார்த்தாய். "சோக்க போட்டுகினே ஓட்னியா? பெட்ரோல் ரொம்பிப் போய்கீது." பெட்ரோல் குழாயை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி, நாலு உதை விட்டாய். வண்டி கிளம்பிவிட்டது. அத்தோடு விட்டாயா? என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னாடி இது, கொழந்த கை மாரி கீது" என்று சொல்லி, பையிலிருந்து இந்த ஸ்பேனரை எடுத்து, லீவர் என் விரலுக்கு எட்டும்படி அங்கேயே கிளட்ச் கேபிளைத் தளர்த்திக் கொடுத்தாய். "ரெண்டு வெரல்ல புடி. மத்த வெரலு ஹேண்டில வுடக்கூடாது." பேர்கூடக் கேட்டிருக்கவில்லை நீ, அதற்குள் டி போட்டுவிட்டாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி சூப்பர்வைசராக இருந்த நீ, வாரம் முழுக்க அந்தப் போக்குவரத்தில் வண்டி ஓட்டிச் சலித்தவள். ஆனாலும் ஞாயிறு விடியும்போதே என் ஃபிளாட் கீழே ஹாரன் அடிப்பாய். நல்ல சாலை கண்டுபிடிக்க உனக்கென்று ஒரு வழி இருந்தது. காலையில் வெளியூரிலிருந்து கீரைக்கட்டும் பூமூட்டையும் ஏற்றிக்கொண்டு சின்னச் சின்ன வண்டிகள் ஆவடிக்கு வரும். அவை வந்த திசையில் நாம் போவோம். "கீர கசங்காம வருதுன்னா அந்த ரோடு நல்லா கீதுன்னு அர்த்தம்" என்பாய். நான் செல்போனில் வரைபடம் பார்த்தால் முறைப்பாய். அப்படித்தான் திருநின்றவூரிலிருந்து பாக்கம் வழியாகப் பெரியபாளையம் போகும் சாலை நமக்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஏரி. லாரிகள் கிளம்புவதற்கு முன்னால் போனால் சாலை முழுக்க நமக்குத்தான்.

அந்தச் சாலையில் பாதி வழியில் ஒரு டீக்கடை. அங்கே டீ குடித்ததும் சாவியை மாற்றிக்கொள்வோம். திரும்பும்போது உன் வண்டியில் நான், என் வண்டியில் நீ. முதல் தடவை நீ சாவியை நீட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. ஆசையாக வாங்கிய வண்டியை இன்னொருத்தி கையில் கொடுப்பதா? "நம்ம வண்டி நோவு நமக்குத் தெரியாதுடி. தெனம் கேட்ட சத்தம் காதுல ஏறாது. மத்தவ ஓட்டித்தான் சொல்லணும்" என்றாய். வீடு வந்ததும் ஆளுக்கொரு குறையாவது சொல்லியாக வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வது ஆட்டத்தில் கிடையாது. நீ செயின் தொய்ந்திருக்கிறது, பேரிங் முனகுகிறது என்று அடுக்குவாய். நான் முதலில் எல்லாம் திருதிருவென்று விழிப்பேன். ஒருநாள் உன் முன் பிரேக் கேபிளில் இழை பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, என்னைவிட நீதான் சந்தோஷப்பட்டாய். "தேறிட்ட" என்று முதுகில் ஒன்று வைத்தாய்.

உன் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை விழுந்ததோடு சரி. திருவேற்காட்டில் அவர் வேலை பார்க்கும் பாத்திரக்கடை வாசலில் தினமும் நீதான் இறக்கிவிடுவாய். சேக்காட்டில் உங்கள் தெருமுனையில் நிற்பவர்கள், "இன்னா நைனா, ஊட்டுக்காரம்மா டிரைவரா?" என்று கேலி செய்வார்கள். "ஆமா நைனா, நா மொதலாளி" என்பார் அவர். அந்தப் பதில் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை, அப்போது உன் வண்டிக் கண்ணாடியில் தெரியும் உன் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். மாத்திரை போட்டால் போய்விடும் என்று எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோதுகூட, "என் வண்டி மழைல நிக்குதாடி?" என்றுதான் கேட்டாய். இல்லை, உள்ளே ஏற்றியாகிவிட்டது என்றேன். தலையை ஆட்டினாய். அதற்கு மேல் நீ என்னிடம் எதுவும் பேசவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

மாதங்கள் கழித்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார். உன் கொழுந்தன் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டாராம். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்களாம். "ஓட்ற வண்டின்னாத்தான் எடுப்பாங்களாம். கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் குட்றியாம்மா?" உன் வண்டியை விற்பதற்கு நான் கிளப்பிக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போனேன்.

வண்டியைப் பார்த்தேன். அவ்வளவு பளபளப்பு. ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். ஹேண்டிலில் வாடாத பூ. ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருந்தார். டேங்கைத் திறந்தேன். பெட்ரோல் கெட்டு வார்னிஷ் நாற்றம் அடித்தது. ஷீட்டுக்குள் வியர்த்து வியர்த்து, துணி எட்டாத இடமெல்லாம் துரு. பேட்டரி செத்துக் கிடந்தது. "வெள்ளிக்கெழமயானா தொடச்சு, பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டிகினு கீறேன். ஒருநாள் தவறல. எப்டிம்மா கெட்டுப்போச்சு?" என்று கேட்டார். ஓட்டாமலே வைத்திருந்ததால்தான் என்று எப்படிச் சொல்வேன்? "தொடச்சா வண்டி ஒழைக்காதுடி, ஓட்னாத்தான் ஒழைக்கும்" என்று நீ என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லாமல் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன்.

கெட்ட பெட்ரோலை வடித்து, ஜெட் துளையில் படிந்திருந்த பிசினைச் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றினேன். உன் கொழுந்தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதைத்தேன். வரவில்லை. கால் மரத்துப்போகும் வரை உதைத்தேன். கடைசியில் ஒரு இருமல், கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு உன் வண்டியின் அந்தச் சத்தம். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு ஓடிவந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் கீழே இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வீட்டுக்காரர் சத்தம் கேட்டதும் வந்தார். செருப்பைச் சரிசெய்துகொண்டார். காலைத் தூக்கிப் போட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவர் தெரிந்து செய்யவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. உட்கார்ந்த பிறகுதான் முன்னால் யாரும் இல்லை என்று பார்த்தார். இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கொழுந்தன் எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"எறங்குண்ணா. அவங்க வந்துடுவாங்க."

"வரவேணான்னு சொல்லிடு. குடுக்கல."

"வெச்சுகினு இன்னா பண்ணப் போற? நீ ஓட்டவா போற?"

"கத்துக்கறேன்" என்றார். சீட்டிலேயே மெல்ல முன்னால் நகர்ந்து வந்தார். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தார். பிடியை விடவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அவருக்கு வண்டிப் பழக்கம். நடக்க வருகிறவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி தூக்கிப்போடும். "பின்னாடி உக்காந்து பாக்கறப்போ ஈசியா தெரிஞ்சிது" என்பார். சொன்னால் நம்ப மாட்டாய், அவர் விழவே இல்லை.

போன ஞாயிறு அவரே கேட்டார், பாக்கம் ரோட்டுக்குப் போகலாமா என்று. மெதுவாகப் போனோம். எதிரே கீரை வண்டி ஒன்று வந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டீக்கடையில் குடித்து முடித்ததும் அவர் சாவியை என் முன்னால் நீட்டினார். "எல்லாம் சொல்லிகீறா" என்றார். நீ அவரிடம் எதைத்தான் சொல்லாமல் இருந்தாய்?

உன் வண்டியில் திரும்பி வந்தேன். உன் உள்ளங்கை தேய்த்த இடத்தில் ஹேண்டில் ரப்பர் வழவழவென்று இருந்தது. பின்னால் என் வண்டியில் அவர் வந்துகொண்டிருந்தார். சேக்காட்டில் இறங்கியதும் குனிந்து என் பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "சுடுதும்மா. பிரேக் புட்ச்சிகினே ஓடுது. சத்தம் வருது பாரு." எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. "அவ பின்னாடி உக்காந்துகினு இத்தினி வருசம் சத்தம்தான கேட்டுகினு இருந்தேன்" என்றார்.

பிறகு, "இப்போ நீ சொல்லு. இவ வண்டில இன்னா கொற?" என்றார்.

சொல்லியாக வேண்டுமே. கிளட்ச் ரொம்ப உள்ளே தள்ளிப் பிடிக்கிறது என்றேன். உன் கையும் சின்னதுதான். உனக்கு ஏற்றபடி வைத்திருந்தாய். அவருடைய நீள விரல்களுக்கு அது சரிவராது, மணிக்கட்டு வலிக்கும், வண்டி தூக்கிப்போடும். இத்தனை நாளும் அவருக்கு அது தெரிந்திருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டாரே தவிர ஒருநாளும் மாற்றச் சொல்லவில்லை. இப்போது லீவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் இந்த ஸ்பேனரை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"நீயே மாத்திக் குட்த்துடும்மா. மெக்கானிக்கு கை வெக்க வேணாம்."

நட்டைத் தளர்த்தினேன். நீ வைத்த இடத்தில் கொஞ்சம் துரு வளையம்போலத் தெரிந்தது. அதைத் தாண்டித் திருகினேன். இறுக்கினேன். சின்ன வேலைதான். அவர் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தார். "இப்போ சரியா கீது" என்றார். அப்படிச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பேனரைத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை. "ஒன் வண்டிக்கு வேணும், வெச்சுக்கோ."

சாயங்காலம் செக்யூரிட்டி அக்காவிடமிருந்து அதை வாங்கினேன். "அவங்க வரலயா?" என்று கேட்டார். வரமாட்டாங்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பேனரை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

பூந்தமல்லி அலுவலகத்திலிருந்து வீடு வரும்வரை ஊர்ந்துதான் வந்தேன். நெரிசல் உனக்குத் தெரியாததா? அவர் சொன்ன பின் பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன். கிளட்சில் மட்டும் கை வைக்கவில்லை. ஏரிக்கரையில் நின்றுகொண்டு நீ தளர்த்திக் கொடுத்த அதே இடத்தில்தான் இன்னும் இருக்கிறது. இரண்டு விரலால் பிடிக்கிறேன். மற்ற விரல்கள் ஹேண்டிலை விடவில்லை.