நான் சொல்லாமல் விட்ட ஏழு நாட்கள்

சித்தி,

லொட்ஜில் தங்கக் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடி அம்மா இன்று உங்கள் கைப்பையை உதறினார். பாதியில் நிறுத்திய கருத்தடைக் குளிசை அட்டை ஒன்று விழுந்தது. அம்மா காணாதவர்போல் திரும்பிக்கொண்டார். என்னால் அது முடியவில்லை.

கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தை லொட்ஜுக்கு வந்த புதிதில், கனடா விசா வரும்வரை பிள்ளை வேண்டாம் என்றீர்கள். "இந்த அறைக்குள்ள சித்தப்பாவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில நடக்கிறார். பிள்ளையை எங்கையடி வைக்கிறது?" உங்களுக்குச் சிங்களம் தெரியாது. கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். கடைக்காரரிடம் கத்தரிக்காய் விலை கேட்கச் சொன்னால், அவருக்கு உங்களைப் பிடித்துவிட்டதாம் என்று கதை கட்டி உங்களை ஓட வைத்தவள் நான். அப்படியிருந்தும் நம்பினீர்கள்.

வெள்ளைக் குளிசை முட்டை வெளிவராமல் தடுக்கும், கருப்பை வாயில் உள்ள நீரைத் தடிப்பாக்கி விந்தை உள்ளே விடாது, மண்ணிறக் குளிசை ஏழும் வெறும் இரும்புச்சத்து என்று மிட்வைஃப் மிஸி சிங்களத்தில் விளக்கினார்.

"முட்டைக்கு ஊரடங்குச் சட்டமாம். வாசலில செக்பொயின்றாம்," என்று உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"சிரிப்புக் காட்டாதையடி, மிஸி பார்க்கிறா!"

பிறகு மிஸி ஓர் ஆணுறைப் பெட்டியை எடுத்தார். இரண்டு நாளுக்கு மேல் குளிசை தவறினால், திரும்பத் தொடங்கி ஏழு நாள்வரை இதுவும் வேண்டும் என்றார். என் காது சுட்டது.

"அது என்னடி?"

"சும்மா இலவசமாக் குடுக்கினம். எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லிட்டன்."

மொழிபெயர்க்கவில்லை, மொழியைப் பெயர்த்தெறிந்தேன்.

அடுத்த மாதம் லொட்ஜில் ஆமிச் சுற்றிவளைப்பு. பயத்தில் மூன்று நாள் கொட்டாஞ்சேனையில் தங்கினீர்கள். அட்டை தலையணைக்குக் கீழே கிடந்தது. திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல் குளிசையைக் குடித்தீர்கள். பிறகு வாந்தி. பிறகு அழுகை.

"மிஸி வேற ஒண்டும் சொல்லேல்லையோடி?"

"இல்லைச் சித்தி."

அந்த 'இல்லை'யைத் திருப்பி எடுக்கலாம் என்றுதான் நாளைக் கடத்தினேன். அதற்குள் நீங்களே வயிற்றைத் தட்டி, "செக்பொயின்றை ஏமாத்தின ஆள்" என்று சிரிக்கத் தொடங்கினீர்கள். அப்போது சொல்வதா, விடுவதா? குட்டி பிறந்து எட்டாம் மாதத்தில் டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது.

என்னால்தான் நடந்ததா என்று இன்றும் விளங்கவில்லை. ஒழுங்காகக் குடித்தாலும் எப்போதாவது தவறுமாம், மிஸியே சொன்னார். அதைக் கேட்டு ஆறுதலும் வருகிறது, கோபமும் வருகிறது.

லொட்ஜுப் பெண்களுக்கு இப்போதும் நான்தான் வாய். போன கிழமை ஓர் அக்காவுக்கு அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தே சொன்னேன்: "தவறினா இதுவும் ஏழு நாள். விளங்கினதோ?" காது சுட்டதுதான். சுடட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். 'பிழை' என்று தொடங்குகிறேன். குட்டி மடியில் ஏறிப் பேனாவைப் பறிக்கிறாள். இவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியை எப்படி முடிப்பது, சித்தி?